அரசுப் பள்ளி வாசலில் மக்கள் பிரதிநிதி: காந்தலூர் மலைகள் உணர்த்தும் தேவை

புது தில்லி: 2022 மார்ச் மாதம் மக்களவையில் எழுந்த ஒரு பிரச்னை கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்களைப் பேச வைத்தது. கேந்திரீய வித்யாலயாக்களில் எம்.பி. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 10 மாணவர்களைப் பரிந்துரைக்கலாம் என்றிருந்த ஒதுக்கீடு போதவில்லை. ஒன்று அதை உயர்த்துங்கள், இல்லையேல் அடியோடு எடுத்துவிடுங்கள் என்று காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி வலியுறுத்தினார். அடுத்த மாதமே அந்த ஒதுக்கீடு ரத்தாயிற்று.

பரிந்துரைக் கடிதத்துக்காக எம்.பி.க்களின் வீட்டு வாசலில் பெற்றோர் காத்துக் கிடந்ததே அந்தப் பேச்சுக்குக் காரணம். இடத்துக்குப் போட்டி இருக்கும் பள்ளியைப் பற்றி உறுப்பினர்களுக்கு நினைவூட்ட ஆள் உண்டு. ஆனால், இடம் இருந்தும் குழந்தை வராத பள்ளி ஒன்று மலைமேல் இருக்கிறது என்றால், அதற்காக எம்.பி.யின் வாசலில் நிற்பவர் யார்?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையையொட்டி இருக்கும் காந்தலூர் போன்ற ஊர்களில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. அங்கே ஓர் அரசுப் பள்ளி மெலிவது என்பது, ஒரு வகுப்பறையோடு ஒரு மொழியும் மெலிவது என்றாகிவிடுகிறது.

விருது பெற்ற ஊர்

காந்தலூர் தலைநகருக்குப் புதிய பெயரன்று. 2023 செப்டம்பர் 27-ம் தேதி, உலக சுற்றுலா தினத்தன்று, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலா கிராமங்களுக்கான போட்டியில் தங்கப் பிரிவில் விருது பெற்ற ஊர் அது. அதன் பழத்தோட்டங்களும் மலைச்சரிவு காய்கறி வயல்களும் பயணிகளிடையே பெயர் பெற்றவை. காந்தலூர் - வட்டவடை வெள்ளைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அருகிலுள்ள மறையூர் வெல்லத்துக்கு 2019-லேயே அந்தத் தகுதி கிடைத்துவிட்டது.

மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பது பழைய வழக்கு. தங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவ்வூர்களின் வழிவழிச் செய்தி. முதுவர், மலைப்புலையர் ஆகிய பழங்குடி மக்களின் குடிகளும் இந்த மலைகளில் உள்ளன. சந்தைக்கும் மேற்படிப்புக்கும் மூணாறு ஒரு புறமும், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை மறுபுறமும் இவர்களுக்கு வாசல்கள்.

1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியதைத் தமிழ் வாசகர்கள் அறிவர். மக்களவை உறுப்பினராயிருந்த மார்ஷல் நேசமணி 1954-ல் மூணாறில் தடையை மீறிக் கைதானதும் அந்தப் போராட்டத்தின் ஒரு பகுதியே. ஆயினும், ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் இவ்விரு வட்டங்களும் கேரளத்துடனேயே இருக்கட்டும் எனப் பரிந்துரைத்தது. அந்தக் கணக்கு அன்றே முடிந்தது.

முடியாமல் இருப்பது பள்ளிக்கூடக் கணக்கு. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்து தருவது மாநிலத்தின் கடமை என அரசியல் சாசனத்தின் 350-ஏ பிரிவு கூறுகிறது. மாநிலச் சீரமைப்பையொட்டி, அதே 1956-ம் ஆண்டில் ஏழாவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட பிரிவு இது. மொழிச் சிறுபான்மையினருக்கான சிறப்பு அலுவலரின் அறிக்கைகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும் என்கிறது 350-பி.

ஒரு குழந்தையின் கணக்கு

எல்லை மலைகளில் ஒரு தமிழ்ப் பெற்றோர் முன் மூன்று வழிகள் உள்ளன. அரசுப் பள்ளியில் தமிழ்வழி. மாநிலத்தின் வேலைவாய்ப்பைக் கருதி மலையாளவழி. கட்டணம் செலுத்தி தனியார் ஆங்கிலவழி. கேரளத்தில் 2017-ல் இயற்றப்பட்ட சட்டம் மலையாளத்தைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக்கியுள்ளது. மாநிலத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய மொழிகளில் எழுதலாம். ஆக, தமிழ்வழிக்குச் சட்டத்தில் இடம் உண்டு. இருக்கையில் பிள்ளை உண்டா என்பதே கேள்வி.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 ஆசிரியர்கள். ஒரே ஒரு குழந்தையின் வரவால் ஓர் ஆசிரியர் கூடலாம். ஒரு குழந்தையின் விலகலால் ஓர் ஆசிரியர் குறையலாம். கேரளத்தில் கல்வியாண்டு தொடங்கியபின் ஆறாவது வேலை நாளில் எடுக்கப்படும் தலைக்கணக்கே பணியிடங்களை நிர்ணயிக்கிறது. வகுப்புக்குச் சராசரியாக 15 பேர்கூட இல்லாத பள்ளிகளுக்கு அங்கே ‘ஆதாயமற்ற பள்ளி’ என்ற பெயரும் உண்டு.

பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால் மீதிப் பெற்றோரும் வேறு பள்ளி தேடுவர். சமவெளியில் இந்தச் சுழலில் ஒரு பள்ளி மூடப்பட்டால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். மலையில் அடுத்த பள்ளி காட்டுவழியில் பல கிலோமீட்டர் அப்பால் இருக்கும். அதில் தமிழ்வழிப் பிரிவு இருக்கும் என்ற உறுதியும் இல்லை.

அழைப்பது சட்டமே

இந்தச் சுழலை உடைக்கும் வழிகளில் ஒன்றாக, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளை வகுப்பறைக்கே அழைக்கும் முறை பல இடங்களில் கைக்கொள்ளப்பட்டுள்ளது. திறப்பு விழாவுக்கு அழைப்பது வேறு. பாடம் நடக்கும்போது அழைப்பது வேறு. முன்னதில் பிரதிநிதி பேசுவார், பள்ளி கேட்கும். பின்னதில் பள்ளி பேசும், பிரதிநிதி பார்ப்பார்.

இது யாருடைய தயவும் அன்று. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர், ஆசிரியர்களுடன் உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும் என்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். வார்டு உறுப்பினர் பள்ளிக்குள் வருவது சட்டம் அவருக்கு இட்ட வேலை.

தமிழகத்துக்கும் இது பழைய அனுபவமே. காமராஜர் முதல்வராயிருந்தபோது, பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. முதல்வரும் அமைச்சர்களும் ஊர்களுக்குச் சென்றனர். பள்ளிக்கு என்ன தேவை என்பது பட்டியலாக ஊர் முன் வைக்கப்பட்டது. நிலம், கட்டடம், நாற்காலி, கடிகாரம் என்று இயன்றதை மக்கள் கொடுத்தனர். தேவையை எழுதி வைத்ததால்தான் கொடை வந்தது என்பது அந்த மாநாடுகளின் பாடம்.

கோழிக்கோடு காட்டிய வழி

கேரளத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. கோழிக்கோடு வடக்குத் தொகுதியின் எம்.எல்.ஏ.வாக 2006 முதல் 2021 வரை இருந்த ஏ. பிரதீப்குமார், தன் தொகுதியிலுள்ள நடக்காவு அரசு மகளிர் தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுத்து ‘பிரிசம்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். எம்.எல்.ஏ. நிதியுடன், கோழிக்கோடு ஐ.ஐ.எம்.மின் உதவியும் தனியார் அறக்கட்டளை ஒன்றின் பெருந்தொகையும் சேர்ந்தன. 2013-ல் புதுப்பொலிவு பெற்ற அந்தப் பள்ளி, நாட்டின் சிறந்த அரசுப் பள்ளிகளின் வரிசையில் பேசப்படலாயிற்று.

அதே தொகுதியின் மலாப்பரம்பில் இன்னொரு பாடமும் உண்டு. 2014-ல் அங்கே ஓர் உதவிபெறும் பள்ளியின் கட்டடம் இடிக்கப்பட்டது. ஊர் மக்கள் கூடி அதை மீண்டும் எழுப்பினர். 2016-ல் நீதிமன்ற உத்தரவுப்படி பள்ளி மூடப்பட்டபோது, மாநில அரசு அதைத் தானே ஏற்றது. அங்கே படித்த பிள்ளைகள் ஒரு சிலரே. ஆனாலும், ஊரும் பிரதிநிதிகளும் அந்தப் பள்ளியை அறிந்திருந்ததால் அது அமைதியாக மறைந்துபோகவில்லை.

2017 ஜனவரி 27-ம் தேதி கேரளம் முழுவதும் தொடங்கப்பட்ட பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் இந்த அனுபவத்தை மாநிலமெங்கும் விரித்தது. தொகுதிக்கு ஒரு பள்ளி வீதம் 5 கோடி ரூபாயில் மேம்படுத்தும் திட்டம் அதில் ஒன்று. அதன்பின் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் குழந்தைகள் பொதுப் பள்ளிகளுக்குக் கூடுதலாக வந்ததாக மாநில அரசு கூறுகிறது. எனினும், அண்மை ஆண்டுகளில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை மீண்டும் சரிந்துள்ளது; பிறப்பு விகிதம் குறைந்ததே காரணம் என்று அரசுத் தரப்பில் கூறப்படுகிறது.

பாலக்காடு மாவட்டத்தில் நடந்ததும் குறிப்பிடத்தக்கது. அப்போது பாலக்காடு எம்.பி.யாக இருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் எம்.பி. ராஜேஷும், திருத்தாலா எம்.எல்.ஏ.வாக இருந்த காங்கிரஸின் வி.டி. பல்ராமும் 2017-ல் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்த்தனர். பின்னர் 2021 சட்டப்பேரவைத் தேர்தலில் இவ்விருவரும் திருத்தாலாவில் நேருக்கு நேர் மோதினர் என்பது வேறு கதை. பள்ளி விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம் நின்றனர்.

பிள்ளையைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்க முயன்ற நீதிமன்றமும் உண்டு. 2015 ஆகஸ்டில் அலாகாபாத் உயர் நீதிமன்றம், உத்தரப் பிரதேசத்தில் அரசிடம் ஊதியம் பெறுவோரும் மக்கள் பிரதிநிதிகளும் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சேர்க்க வழி செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. கட்டளை நுழையாத இடத்தில் அழைப்பு நுழையக்கூடும் என்பதையே பாலக்காடு காட்டுகிறது.

மாநிலங்களும் வெளிநாடும்

குஜராத்தில் 2003 முதல் ஜூன் மாதங்களில் நடைபெறும் ‘சாலா பிரவேசோத்சவ்’ சேர்க்கை விழாவில் முதல்வர், அமைச்சர்கள், அதிகாரிகள் கிராமப் பள்ளிகளுக்கே சென்று குழந்தைகளைச் சேர்க்கின்றனர். 2009-ல் தொடங்கிய ‘குணோத்சவ்’ இன்னும் ஒரு படி மேலே சென்றது. அமைச்சர்களும் அதிகாரிகளும் வகுப்பில் அமர்ந்து, குழந்தைகளின் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றை மதிப்பிட்டனர்.

தில்லியின் வகுப்பறையும் தமிழக அரசியலைத் தொட்டது. 2022 ஏப்ரல் 1-ம் தேதி முதல்வர் மு.க. ஸ்டாலின், அப்போதைய தில்லி முதல்வர் அரவிந்த் கேஜரிவாலுடன் தில்லி அரசுப் பள்ளி ஒன்றைச் சுற்றிப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி சென்னையில் மாதிரிப் பள்ளிகள், தகைசால் பள்ளிகள் திட்டம் தொடங்கப்பட்டபோது கேஜரிவால் சிறப்பு விருந்தினராக வந்தார். ஒரு பள்ளிக்குச் சென்ற வருகை ஐந்து மாதங்களில் இன்னொரு மாநிலத்தில் திட்டமாக வந்து நின்றது.

அமெரிக்காவில் 1921 முதல் கடைப்பிடிக்கப்படும் அமெரிக்கக் கல்வி வாரத்தில், ஊர்ப் பிரமுகர்களை ஒரு நாள் ஆசிரியராக இருக்க அழைக்கும் வழக்கம் உண்டு. முதல் உலகப் போருக்குப் படைக்கு ஆள் எடுத்தபோது எழுத்தறியாத இளைஞர் பலர் இருந்தது தெரியவந்ததே அந்த வாரம் தோன்றக் காரணம். கல்லாமையைக் கண்ணால் கண்ட பிறகே அந்த நாடும் பள்ளியின் பக்கம் திரும்பியது.

வருகை விழாவானால்

எல்லா வருகையும் நன்மை தருவதில்லை. 2023 நவம்பரில் கேரள அமைச்சரவை மாநிலம் முழுவதும் நடத்திய நவகேரள சதஸ் நிகழ்ச்சிக்குப் பள்ளி மாணவர்களை அழைத்து வரும்படி கல்வி அதிகாரி பிறப்பித்த உத்தரவு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அதைத் திரும்பப் பெறுவதாக அரசு அங்கே தெரிவிக்க நேர்ந்தது.

காந்தலூர் அமைந்துள்ள தேவிகுளம் தொகுதியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2010-ல் அமைக்கப்பட்ட இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி கிராம ஊராட்சி. கரோனா பரவலின்போது வெளியாட்களைத் தடுத்து நீண்ட நாள் நோய்த்தொற்றின்றி இருந்த முதுவர் ஊர் அது. 2021 ஜூன் இறுதியில் இடுக்கி எம்.பி. டீன் குரியகோஸ் அங்குள்ள பழங்குடியினர் பள்ளிக்கான வசதிகளைத் தொடங்கி வைக்கச் சென்றார். இணையத்தில் பயணப் படங்கள் வெளியிடும் ஒருவரும் உடன் சென்றதால் கடும் விமர்சனம் எழுந்தது. வருகையின் நோக்கம் பள்ளி, பேசுபொருளானதோ படப்பிடிப்பு.

மலர்க்கொத்து, வெயிலில் வரிசை, ஒலிபெருக்கி, கட்சிக்கொடி ஆகிய நான்கும் இல்லாத வருகைதான் பயன் தரும் வருகை. ஒரு பாடவேளை முழுவதும் பின்வரிசையில் அமர்ந்திருப்பது, வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது, கழிப்பறையையும் சமையல் கூடத்தையும் எட்டிப் பார்ப்பது, பெற்றோருடன் அரைமணி நேரம் பேசுவது, குறித்த தேவையை எழுத்தில் பெற்றுச் செல்வது. பிறகு அந்த எழுத்துக்கு ஒரு பதில். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் எல்லோரையும் அழைத்தால்தான் பள்ளியின் பெயர் கெடாது. தேர்தல் நடத்தை விதி அமலில் உள்ள காலத்தைத் தவிர்ப்பதும் அவசியம்.

யாரிடம் எதைக் கேட்பது?

அழைப்பதற்கு முன் யாரால் எது முடியும் என்பதைப் பள்ளி அறிந்திருக்க வேண்டும். கேரளத்தில் அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் பொறுப்பு கிராம ஊராட்சியிடமும், உயர்நிலைப் பள்ளிகளின் பொறுப்பு மாவட்ட ஊராட்சியிடமும் ஒப்படைக்கப்பட்டுள்ளது. கூரை ஒழுகல், சுற்றுச்சுவர், குடிநீர் ஆகியவற்றுக்கு வார்டு உறுப்பினரே முதல் வாசல். 2025 டிசம்பர் தேர்தலில் புதிய உள்ளாட்சி உறுப்பினர்கள் வந்துள்ள நிலையில், அவர்களை முதல் ஆண்டிலேயே வகுப்பறைக்கு அழைத்துவிடுவது நல்லது.

ஆசிரியர் பணியிடம் மாநில அரசின் கையில். தமிழ்வழிப் பிரிவில் காலியிடம் நிரப்பப்படவில்லை என்றால் அதைச் சட்டப்பேரவையில் கேட்க வேண்டியவர் எம்.எல்.ஏ. தேவிகுளம் தொகுதியின் உறுப்பினர் அங்கே தமிழிலும் பேச முடியும். 2021 மே மாதம் அத்தொகுதியின் உறுப்பினராகத் தேர்வான ஏ. ராஜா தமிழிலேயே உறுதிமொழி ஏற்றார். தமிழாக்கத்தில் ஒரு தொடர் விடுபட்டிருந்ததால் ஜூன் 2-ம் தேதி மீண்டும் உறுதிமொழி ஏற்க நேர்ந்தது. ஒரு மொழி அவையில் ஒலித்தால் மட்டும் போதாது, அலுவலகத்திலும் அதை அறிந்தவர் இருக்க வேண்டும் என்பதை அச்சம்பவம் காட்டியது. தமிழ்வழிப் பள்ளி மூடப்பட்டால் அத்தகையவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

எம்.பி.யிடம் கேட்கத்தக்கவை வேறு. 1993 டிசம்பரில் தொடங்கிய தொகுதி மேம்பாட்டு நிதி, 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். கரோனா காலத்தில் நிறுத்தப்பட்டு மீண்டும் வந்த இந்நிதியில் வகுப்பறை, ஆய்வகம், கணினி போன்ற நிலைத்த சொத்துகளை உருவாக்கலாம். ஆசிரியருக்கு ஊதியம் தர முடியாது. எம்.பி. பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் நிறைவேற்றும். ஆண்டு நிதியில் 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் பகுதிகளுக்கும் 7.5 விழுக்காடு பழங்குடியினர் பகுதிகளுக்கும் பரிந்துரைக்க வேண்டும் என்பது விதி. முதுவர், மலைப்புலையர் வாழும் மலையில் இந்த விதியைத் தலைமையாசிரியர் மனப்பாடமாக அறிந்திருப்பது நன்று.

நிதியைவிடப் பெரிது குரல். பூஜ்ய நேரத்திலும் 377-வது விதியின் கீழும் ஒரு தொடக்கப் பள்ளியின் பெயரைக்கூட மக்களவைப் பதிவேட்டில் ஏற்ற முடியும். கல்வி நிதி இப்போது மத்திய - மாநில மோதலின் மையமாகிவிட்டதால் இந்தக் குரல் முன்னெப்போதையும்விடத் தேவைப்படுகிறது. பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் சேரவில்லை என்பதற்காக சமக்ர சிக்ஷா நிதியில் ரூ. 2,152 கோடி நிறுத்தி வைக்கப்பட்டதாகக் கூறி 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. கேரளம் 2025 அக்டோபரில் அத்திட்டத்தில் கையெழுத்திட்டு, கூட்டணிக் கட்சியான இந்திய கம்யூனிஸ்டின் எதிர்ப்பால் சில நாள்களிலேயே அதை நிறுத்தி வைக்க முடிவு செய்தது. இவ்வாறு நிதியைத் தடுத்து வைப்பது நியாயமன்று என்று கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 மார்ச்சில் கூறியிருந்தது.

இத்தகைய விவாதங்களில் கோடிகள் பேசப்படுகின்றன. அந்தக் கோடிகள் நின்றுபோனால் ஒரு மலைப்பள்ளியில் எந்த வேலை நிற்கும் என்பதை, அதன் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்த உறுப்பினரால் எளிதில் சொல்ல முடியும்.

பார்த்தவர் பேசுவார்

காந்தலூரின் குளிரையும் பழத்தோட்டத்தையும் காண ஊர் ஊராக மக்கள் மலையேறுகின்றனர். அமைச்சர்களும் எம்.பி.க்களும் அந்தச் சாலையில் செல்லாதவர்கள் அல்லர். சாலையோரப் பள்ளியின் மணி அடிக்கும் நேரத்தில் அவர்கள் வண்டியை நிறுத்துவதற்கு ஓர் அழைப்புக் கடிதம் தேவை. அதை எழுத வேண்டியவர்கள் தலைமையாசிரியரும் பெற்றோர் குழுவும்தான்.

கேந்திரீய வித்யாலயா ஒதுக்கீடு ஒழிந்தபின் எம்.பி.க்களின் வாசலில் அந்தக் கூட்டம் குறைந்திருக்கும். காலியான அந்த இடத்தில் காந்தலூர், மறையூர், வட்டவடைப் பெற்றோர் நிற்கலாம். அவர்கள் கேட்பது 10 பேருக்கான சிபாரிசு அன்று. ஆறாம் வேலை நாளின் தலைக்கணக்குக்கு முன், ஒரு நாள் காலை, ஒரு பாடவேளை.